கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

கேள்வி இது: ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் டிசம்பர் முதல் வாரத்தில் கன்னியாகுமரி வருகிறது. வயதான அம்மா, முழங்கால் வலி; இரண்டு சின்னப் பிள்ளைகள்; சொந்தக் கார். கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் அம்மாவுக்கு நாகர்கோவில் கோட்டாறு சவேரியாருக்கு உப்பும் மிளகும் போடுவதாக ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கிறது. எப்போது போகலாம், வண்டியை எங்கே விடுவது, உள்ளே என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மற்றதெல்லாம் அப்புறம், தேதியைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் சொல்லும் டிசம்பர் முதல் வாரம் சாதாரண வாரம் இல்லை. புனித பிரான்சிஸ் சவேரியார் இறந்தது 1552 டிசம்பர் 3. அந்த நாள்தான் கோட்டாறு திருவிழாவின் பத்தாம் நாள். நவம்பர் 24 வாக்கில் கொடியேறும். கடைசி மூன்று நாளும் தேர்ப்பவனி, கூட்டம், கடைகள், போக்குவரத்து மாற்றம் என்று கோட்டாறே வேறு ஊராகிவிடும். டிசம்பர் 3 அன்று குமரி மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், அதனால் மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

ஆகவே உங்கள் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அம்மா வேண்டிக்கொண்டது தேருக்கு உப்பு மிளகு போடுவதாக இருந்தால் டிசம்பர் 1 முதல் 3 வரைக்குள் வந்தே ஆக வேண்டும், கூட்டத்தைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். சவேரியார் முன்னால் கொண்டுபோய் வைப்பதாக மட்டும் இருந்தால் ஆண்டு முழுவதும் எந்த நாளிலும் செய்யலாம். அப்படியானால் டிசம்பர் 3 கழிந்து இரண்டு மூன்று நாள் விட்டு, ஞாயிறு அல்லாத ஒரு நாளில், காலைத் திருப்பலி (பூசை) முடிந்த பிறகு வாருங்கள். முழங்கால் வலிக்காரருக்கு இதுதான் நல்லது. நேர்ச்சையின் சரியான வாசகத்தை அம்மாவிடமே கேளுங்கள். 'கோயிலுக்கு' என்றாரா, 'தேருக்கு' என்றாரா என்பதில்தான் உங்கள் பயணத் திட்டமே இருக்கிறது.

இனி வழி. ஆட்டோக்காரரிடமோ பஸ் நடத்துனரிடமோ 'கதீட்ரல்' என்றோ 'பெரிய சர்ச்' என்றோ கேட்காதீர்கள். நாகர்கோவிலில் பெரிய சர்ச் என்றால் பாதிப் பேருக்கு ஹோம் சர்ச் நினைவுக்கு வரும். அது சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபையின் கோயில், லண்டன் மிஷன்காரர்கள் 1819இல் அடிக்கல் நாட்டியது, அதுவும் பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. கன்னியாகுமரிக் கடற்கரையில் நிற்கும் உயரமான வெள்ளைக் கோயிலும் இல்லை, அது அலங்கார உபகார மாதா கோயில். 'கோட்டாறு சவேரியார் கோயில்' என்று மூன்று சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள், தப்பாது. அந்தச் சந்திப்புக்கே சவேரியார் கோயில் சந்திப்பு என்றுதான் பெயர்.

ரயிலில் வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாகர்கோவிலுக்கு இரண்டு ஸ்டேஷன். நாகர்கோவில் சந்திப்பு கோட்டாறு பக்கம் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். சில வண்டிகள் சந்திப்புக்குள் நுழையாமல் நாகர்கோவில் டவுன் வழியாகத் திரும்பிப் போய்விடும். டவுனில் இறங்கினால் ஊரின் மறுகோடி, நெரிசலைக் கடந்துதான் வர வேண்டும். டிக்கெட்டில் 'சந்திப்பு' என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பஸ்ஸிலும் அப்படித்தான். வெளியூர் வண்டிகள் வடசேரி கிறிஸ்டோபர் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கும். உள்ளூர் வண்டிகளுக்கு மீனாட்சிபுரத்தில் இருக்கும் அண்ணா பஸ் நிலையம். சுசீந்திரம், கன்னியாகுமரி பக்கம் போகிற வண்டிகள் கோட்டாறு வழியாகப் போகும்.

நீங்கள் காரில் கன்னியாகுமரியிலிருந்து வருவதால் சுசீந்திரம், இடலாக்குடி, கோட்டாறு என்று நேராக வந்துவிடலாம். கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தூரத்தை நம்பி அரை மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். கடைசி 2 கிலோமீட்டரில்தான் நேரம் போகும். காரணம் எளிது: கோட்டாறு பழைய வாணிபச் சந்தை. சோழர் கல்வெட்டுகளில் மும்முடிச்சோழநல்லூர் என்ற பெயரும் இந்த ஊருக்கு உண்டு. கம்போளம் என்று உள்ளூரில் சொல்லும் மொத்தக் கடைவீதி இன்றும் பலசரக்கு லாரிகளும் தள்ளுவண்டிகளுமாகத்தான் இருக்கிறது. தெருக்களின் அகலம் மாட்டுவண்டிக் காலத்து அகலம், ஓடுகிற வண்டி இந்தக் காலத்து வண்டி. காலையில் சரக்கு இறக்கும் நேரத்திலும், பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும், மாலை 5 மணியிலிருந்து 8 வரையிலும் வண்டி ஊரும்.

அதனால் காரைக் கடைவீதிக்குள் விட்டு இடம் தேட வேண்டாம். சாதாரண நாளில் கோயில் வளாகத்துக்குள் நிறுத்த இடமிருந்தால் அங்கே இருப்பவரிடம் கேட்டு நிறுத்துங்கள். கல்யாணமோ அடக்கத் திருப்பலியோ நடந்தால் அந்த இடமும் கிடைக்காது. அப்போது அம்மாவையும் பிள்ளைகளையும் வாசலில் இறக்கிவிட்டு, ஓட்டுபவர் மட்டும் வண்டியை நெரிசல் இல்லாத தெருவில் விட்டுவிட்டு வருவதுதான் சரி. திருவிழா நாளில் கார் யோசனையே வேண்டாம். சுசீந்திரத்திலோ தங்கும் விடுதியிலோ விட்டுவிட்டு பஸ், ஆட்டோ. அன்று போலீஸ் எந்தச் சாலையை எப்போது மறிக்கும் என்பது அன்றைய உள்ளூர் நாளிதழில் வரும், காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

கோட்டாறு கோயிலைப் பேராலயம், அதாவது கதீட்ரல், என்பார்கள்; அந்தச் சொல்லைப் பற்றி இரண்டு வரி. பெரிதாக இருப்பதால் பேராலயம் இல்லை. ஆயரின் (பிஷப்பின்) இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் பேராலயம். சின்ன ஓட்டுக் கூரைக் கோயிலில் அந்த நாற்காலி இருந்தாலும் அது பேராலயம்தான். கோட்டாறு அந்த நிலையை அடைந்தது 1930 மே 26 அன்று, கொல்லம் ஆயரின் ஆளுகைப் பகுதியான கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து தமிழ் பேசும் பகுதியைப் பிரித்து கோட்டாறு மறைமாவட்டத்தை ஏற்படுத்தியபோது. 2014 டிசம்பரில் அதன் மேற்குப் பகுதி குழித்துறை மறைமாவட்டமாகப் பிரிந்தது. அதன் பேராலயம் திரித்துவபுரத்தில். ஒரே மாவட்டத்தில் இரண்டு கத்தோலிக்கப் பேராலயம் இருப்பதன் காரணம் இதுதான். கோயில் மட்டும் 1930ஐவிட மிகப் பழையது. 1600களின் தொடக்கத்தில் சேசு சபைத் துறவிகள் (ஜெசூட்டுகள்) இங்கே எழுப்பிய சிறிய கோயில்தான் மூலம். பிறகு பல தடவை பெரிதாக்கி, நீட்டி, மாற்றிக் கட்டினார்கள். நீங்கள் பார்க்கப் போவது ஒரே மூச்சில் கட்டிய கட்டடம் அல்ல. 'நானூறு வருஷக் கட்டடமா, புதுசாகத் தெரிகிறதே' என்று பலர் ஏமாறுவது அதனால்தான்.

இன்னொரு தவறான எண்ணம் இதைவிடப் பரவலானது: சவேரியாரின் உடல் இங்கே இருக்கிறது என்பது. இல்லை. அது கோவாவில், பாம் ஜேசு பசிலிக்காவில் இருக்கிறது. சவேரியாருக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு வேறு. 1544 இறுதியில் அவர் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்ததாக 1545 ஜனவரி 27 தேதியிட்ட கொச்சிக் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். கோட்டாறு பக்கம் வடுகர் (தெலுங்கர்) படை வந்தபோது சிலுவையை உயர்த்திப் பிடித்துத் தனியாக எதிரே நின்று திருப்பி அனுப்பினார் என்பதும், அதற்காக மன்னர் கோயில் கட்ட இடம் கொடுத்தார் என்பதும் இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் மரபு. 'கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த நம்பிக்கை.

உண்மையில் இங்கே அடக்கமாகியிருப்பவர் வேறொருவர். என்னைக் கேட்டால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இந்தக் கோயிலைப் பார்க்கவே இல்லை. இங்கே பார்க்க வேண்டியது தரையில் இருக்கிறது: மறைசாட்சி, அதாவது நம்பிக்கைக்காக உயிர் விட்டவர், தேவசகாயத்தின் கல்லறை.

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டன் என்ற பெயரில் பிறந்தவர். மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனை சார்ந்த பணியில் இருந்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் பழக்கத்தில் கிறிஸ்தவத்தைப் பற்றிக் கேட்டு, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற விவிலியப் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். பிறகு கைது, எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள், காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் கிடந்த எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் பொறுக்கி எடுத்துவந்து கோட்டாறு கோயிலில் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். தண்டனைக்குக் காரணம் மதமா, ராஜதுரோகமா என்று வரலாற்றுக்காரர்களிடையே வாதம் இருக்கிறது. திருச்சபை அவரை மறைசாட்சி என்று ஏற்று, 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலிலேயே அருளாளராகவும் (புனிதர் நிலைக்கு முந்தைய படி), 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராகவும் அறிவித்தது. இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர் இவர்தான். அதாவது சாமியாராகவோ (பாதிரியாராகவோ) கன்னியராகவோ இல்லாத, மனைவி, வேலை என்று வாழ்ந்த ஒரு மனிதர்.

கல்லறை எங்கே என்று உள்ளே யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அங்கே ஆட்கள் செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெரும்பாலும் சத்தமே இருக்காது. கையைக் கல்லில் வைத்து, அந்தக் கையை நெஞ்சிலோ பிள்ளையின் தலையிலோ வைப்பார்கள். கல்லறைமேல் பையை வைப்பது, பிள்ளைகளை உட்காரவைப்பது, படம் எடுக்கக் காலைத் தூக்கி வைப்பது, இந்த மூன்றும் ஆகாது. தேவசகாயத்தின் சுரூபம் (சிலை) எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்: வேட்டி கட்டி, முழங்காலிட்டு, கையிலும் காலிலும் விலங்கோடு மேலே பார்த்தபடி இருப்பார்.

இனி உள்ளே நுழையும் முறை. வாசலில் செருப்புக் குவியல் இருந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். குமரி மாவட்டத்தில் அதுதான் பழக்கம். ஆண்களுக்கு ஒரு குறிப்பு: வரும் வழியில் சுசீந்திரத்தில் சட்டையைக் கழற்றித்தான் கோயிலுக்குள் போயிருப்பீர்கள். இங்கே நேர்மாறு, சட்டையோடுதான் போக வேண்டும். முழங்காலுக்குக் கீழே மறையும் உடை எல்லாருக்கும் நல்லது. பெண்கள் சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ தலையில் போடுவதைப் பார்ப்பீர்கள். வழக்கம்தான், போடாவிட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

கதவருகே சின்னத் தொட்டியில் தண்ணீர் இருக்கும். அது தீர்த்தம், மந்திரித்த தண்ணீர். விரல் நுனியை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வதற்கானது, குடிப்பதற்கு அல்ல. பழக்கம் தெரியாமல் உள்ளங்கையில் அள்ளிக் குடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பல கை தொட்ட தண்ணீர், வேண்டாம். நீங்கள் தொடாமல் கடந்து போனாலும் தவறில்லை.

உள்ளே முன்பக்கம் எரியும் சிவப்பு விளக்கைத் தேடுங்கள். அதற்குப் பக்கத்தில் பூட்டிய சின்னப் பெட்டி நற்கருணைப் பேழை. விளக்கு எரிகிறது என்றால் உள்ளே நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சித்த அப்பம், இருக்கிறது என்று பொருள். கத்தோலிக்கர்களுக்கு அந்தக் கட்டடத்திலேயே மிகப் புனிதமான இடம் அதுதான், சுரூபங்கள் இல்லை. அதனால்தான் நடுவழியைக் கடக்கும்போது ஒரு காலை மடித்து வணங்கிவிட்டுப் போவார்கள். நீங்கள் முழங்காலிட வேண்டியதில்லை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காமல் இருந்தால் போதும். பீடம் இருக்கும் மேடைமேல் ஏறக் கூடாது, படி ஒன்றே ஒன்று இருந்தாலும் சரி. பிள்ளைகள் ஓடி ஏறுவது அங்கேதான், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுவர்களில் வரிசையாக 14 படங்களோ சிற்பங்களோ இருப்பது சிலுவைப்பாதை, இயேசுவுக்குத் தீர்ப்பு எழுதுவது முதல் கல்லறையில் வைப்பது வரை. பிள்ளைகளுக்கு வரிசையாகக் காட்டிக் கதை சொல்ல வசதியானது. ஓரமாகச் சின்ன மரக் கூண்டு போல இருப்பது பாவசங்கீர்த்தனத் தொட்டி. அதன் பக்கத்தில் யாராவது முழங்காலிட்டு இருந்தால் இரண்டு பெஞ்சு தள்ளி நடங்கள். அங்கே பேசுவது காதில் விழக் கூடாது என்பதுதான் காரணம்.

படம் எடுப்பதில், திருப்பலி நடக்கும்போது எடுக்கவே வேண்டாம். மற்ற நேரத்தில் ஃபிளாஷ் இல்லாமல், செபித்துக்கொண்டிருப்பவர் முகம் விழாமல் எடுங்கள். எடுக்கக் கூடாது என்று பலகை இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் உள்ளே இருக்கும்போதே திருப்பலி தொடங்கிவிட்டால் பதற வேண்டாம். தாராளமாக இருக்கலாம். பின்பக்கம், ஓரத்துப் பெஞ்சில் உட்காருங்கள், இடையில் எழுந்து போக வசதி. எல்லாரும் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்காருங்கள். முழங்காலிடும் இடத்தில் அம்மா சும்மா உட்கார்ந்திருக்கலாம். உள்ளூர் வயதானவர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். வார நாளில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், ஞாயிறு ஒரு மணி நேரம் அல்லது கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பலியின் பின்பகுதியில் எல்லாரும் வரிசையாக முன்னே போய், சாமியார் கையிலிருந்து வெள்ளை அப்பம் வாங்குவார்கள். 'நன்மை வாங்குவது' என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். இந்த இடத்தில்தான் வெளியிலிருந்து வருகிறவர்கள் மிக அதிகமாகத் தவறுகிறார்கள். கோயில் பிரசாதம் என்று நினைத்து வரிசையில் போய்க் கையை நீட்டிவிடுவார்கள். அது பிரசாதம் அல்ல. கத்தோலிக்க நம்பிக்கைப்படி அது கிறிஸ்துவின் உடல். கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்று, அதற்கான தயாரிப்போடு இருப்பவர்கள் மட்டுமே வாங்கலாம். வேறு சபைக் கிறிஸ்தவர்களும் பொதுவாக வாங்குவதில்லை. உங்கள் வரிசை எழுந்து நகரும்போது நீங்கள் உட்கார்ந்திருங்கள், காலை ஒதுக்கி வழி விட்டால் போதும். யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். தெரியாமல் கையில் வாங்கிவிட்டால் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதோ, பிள்ளைக்குப் பிய்த்துக் கொடுப்பதோ கூடாது. அங்கேயே சாமியாரிடம் திருப்பிக் கொடுத்து, கத்தோலிக்கர் இல்லை என்று சொல்லுங்கள், அவர் கோபிக்க மாட்டார்.

இப்போது நேர்ச்சை. உப்பும் மிளகும் சிறு பொட்டலமாகக் கோயில் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்தாலும் சரி. கல்லுப்பாக இருக்கட்டும், தூள் உப்பு இந்த ஈரக்காற்றில் பாதி வழியிலேயே கசிந்து காகிதத்தைக் கிழித்துவிடும். ஒரு கைப்பிடி உப்பும் ஒரு மேசைக்கரண்டி மிளகும் தாராளம். கிலோக் கணக்கில் வாங்க வேண்டாம், நேர்ச்சைக்கு எடை இல்லை. சாதாரண நாளில் அதை எங்கே வைப்பது என்று கோயில்காரரிடம் கேட்டு, அதற்குரிய இடத்தில் வையுங்கள். பீடத்திலோ கல்லறைமேலோ கொட்டக் கூடாது. உப்பு கல்லை அரிக்கும், மிளகு காலடியில் உருண்டு ஆளை வழுக்கிவிடும்.

மெழுகுதிரிக்கும் அதற்கென்று ஏற்றும் இடம் உண்டு, அங்கே மட்டும் ஏற்றுங்கள். கையில் பிடித்தபடி உள்ளே நடக்க வேண்டாம். உருகின மெழுகு தரையில் விழுந்து காய்ந்தால் செருப்பில்லாத கால் வழுக்கும். தீப்பெட்டியை உரசிக்கொண்டிருப்பதைவிட ஏற்கெனவே எரியும் திரியில் பற்றவைத்து, அடிப்பகுதியை ஒரு நொடி சூட்டில் காட்டி இளக்கி நிறுத்தினால் சாயாது. நெருக்கமாக நிறுத்தாதீர்கள். பக்கத்துத் திரியின் சூட்டில் உங்களுடையது இடுப்பு வளைந்து அணைந்துவிடும், பிள்ளைகள் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு அழுவார்கள்.

அம்மாவின் பெயரில் ஒரு பூசை வைக்க விரும்பினால் அதுவும் முடியும், கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. பங்கு அலுவலகத்தில் பூசைக்கருத்து என்று கேளுங்கள். ஒரு தாளில் பெயர், கருத்து (நன்றிக்காகவா, உடல் சுகத்துக்காகவா, இறந்தவர் நினைவாகவா), தேதி, வேளை ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்லும் காணிக்கையைச் செலுத்தினால், அந்தத் திருப்பலியில் பெயர் வாசிப்பார்கள். அன்றே கொடுத்து அன்றே கேட்டால் கிடைக்காமல் போகலாம், முந்தின நாளே கொடுப்பது நல்லது. பெயரைத் தெளிவாக எழுதுங்கள். வாசிப்பவருக்குப் புரியாத கையெழுத்தில் 'பழனியம்மாள்' வேறு யாரோ ஆகிவிடுவார். கோயிலுக்கு வெளியே யாராவது 'நான் பூசை ஏற்பாடு செய்கிறேன்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

திருவிழா இரவுதான் வரவேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். பவனிக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து, உள்ளே போய்க் கல்லறையையும் சவேரியாரையும் கும்பிட்டு முடித்துவிடுங்கள். தேர் கிளம்பிய பிறகு வாசல் பக்கம் நுழைவது பாடு. தேருக்கு முன்னால் நிற்க முயல வேண்டாம், கூட்டம் பின்னோக்கி நகரும்போது வயதானவர்கள் மாட்டிக்கொள்வார்கள். தேர் போகும் தெருவில், நெருக்கம் சற்றுக் குறைந்த இடத்தில் ஒரு கடைத் திண்ணையைப் பிடித்து அம்மாவை உட்காரவையுங்கள். தேர் அருகில் வரும்போது மெதுவாகத்தான் வரும், நின்று நின்று வரும். உப்பு, மிளகு, மாலை கொடுக்கிறவர்கள் அப்போதுதான் கொடுப்பார்கள். வீசி எறியாதீர்கள், முன்னால் நிற்பவர் கண்ணில் மிளகு விழும். கூட்டமாக இருந்தால் பொட்டலத்தைப் பிரிக்காமல் தேரோடு நடக்கும் ஆட்களிடம் கொடுத்துவிடலாம்.

தேர் கடந்ததும் சாலைக்குள் இறங்கிவிடாதீர்கள். தேரின் பின்னால் ஆட்கள் தரையில் விழுந்து, உருண்டு கும்பிடு நமஸ்காரம் செய்தபடி வருவார்கள். மழை ஈரத்தில், சிந்திய உப்பும் மிளகும் பூவும் கிடக்கும் தெருவில், ஒருவர் உருள, வீட்டார் இருவர் பக்கத்தில் கையைக் கோத்து வழி விலக்கியபடி நடப்பார்கள். இந்துக்களும் அதில் நிறையப் பேர் உண்டு. தெரியாமல் குறுக்கே போய்க் காலால் மிதித்துவிடுவது திருவிழாவில் சாதாரணமாக நடக்கும் விபத்து. பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டும் இருக்கட்டும், அந்த நெரிசலில் போனில் பேச்சுக் கேட்காது.

அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மடக்குக் குடை வேண்டாம், கூட்டத்தில் அடுத்தவர் கண்ணில் குத்தும். பிளாஸ்டிக் மழைக்கோட்டுதான் வசதி. அம்மாவுக்கு வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு.

சாதாரண நாளில் முக்கால் மணி நேரம் போதும், பூசைக்கருத்துக் கொடுப்பதானால் ஒரு மணி நேரம். சுசீந்திரத்தையும் சேர்ப்பதானால் அதை முதலில் முடியுங்கள். அங்கே நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி மாலையில்தான் திறப்பார்கள். விடிந்ததும் கன்னியாகுமரி, 8 மணிக்குச் சுசீந்திரம், 10 மணிக்குக் கோட்டாறு என்றால் எல்லாம் ஒழுங்காக அமையும். மதியத்துக்குப் பிறகு வந்தால் இங்கேயும் கதவு சாத்தியிருக்கலாம். ஜனவரி, மே மாதங்களில் வருகிறவர்களுக்கு: அது கல்யாண சீசன், முற்பகல் திருமணத் திருப்பலி இருக்கும். பெரிய வெள்ளியன்று வந்தால் பீடம் துணிகூட இல்லாமல் வெறுமையாக, பேழை திறந்து காலியாக, சிவப்பு விளக்கு அணைந்து இருக்கும். பராமரிப்பு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், அன்றைய முறையே அது.

தேவசகாயம் கதை பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய், இன்னொரு நாள் கையில் இருந்தால், அவர் நடந்த வழியை ஒரே நாளில் பார்க்கலாம். காலையில் நட்டாலம். பிறகு தக்கலை பக்கம் புலியூர்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை, தாகத்தில் அவர் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்தது என்று சொல்லும் இடம். அருகிலேயே உதயகிரிக் கோட்டை, உள்ளே 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. அங்கே தட்டினால் மணிபோல ஓசை தரும் மணியடிச்சான் பாறையைப் பிள்ளைகள் விடாமல் தட்டுவார்கள். அம்மா ஏற வேண்டாம், கீழே நிழலில் இருக்கட்டும். கணவாய்க் காற்று சேலையைத் தூக்கும் அளவுக்கு அடிக்கும். கடைசியாகக் கோட்டாறு என்று வைத்துக்கொண்டால் மாலைத் திருப்பலி நேரத்துக்கு வந்து சேரலாம்.

திரும்பும்போது கோட்டாறு கடைவீதியில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், வாசனை தூக்கும்; 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த குமரி மாவட்டப் பழம். ஈரோடுவரை கொண்டுபோவதானால் முக்கால் பழமாகக் கேளுங்கள். நன்றாகப் பழுத்தது மதுரை தாண்டுவதற்குள் தோல் வெடித்துக் காரெல்லாம் எறும்பாகிவிடும்.